மாட்சிமை தங்கிய ‘பிரைவேட்’ பெருந்தகைக்கு ஒரு பாராட்டு மடல்

முடிசூடிய பெருந்தகையே! கிளாஸ்தோறும் கொலுவீற்றிருக்கும் கோமானே! ஃபீல்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் வந்து நின்று காவல் புரியும் காருண்ய மூர்த்தியே! ‘பிரைவேட்’ என்னும் திருநாமம் பூண்டு, ஆப்ஜெக்டுகளைச் சேமித்துவைக்கும் அமைப்புகள் எங்கெங்கும் ஒரு குடைக்கீழ் அரசு புரிந்துவரும் தங்கள் திருச்சமுகத்துக்கு, கோட் எழுதி வயிறு வளர்க்கும் எளியோர் சமர்ப்பிக்கும் பாராட்டு மடல் இது.

தங்கள் புகழ் முழுவதையும் பாட எங்களுக்கு ஆயுள் போதாது. மெமரிக்குள் தாங்கள் ஆற்றும் சேவை ஊரறிந்தது. அங்கே வேறொரு கிளாஸ் தங்கள் ஃபீல்டின் பெயரை உச்சரித்தாலே கம்பைலர் சீறி எழுந்து தடுத்துவிடும். அதைப் பாடப் பாடநூல்கள் இருக்கின்றன. நாங்கள் பாட வந்திருப்பது, அதே ஆப்ஜெக்ட் மெமரியை விட்டு டிஸ்க்கை நோக்கிப் புறப்படும் வேளையில் தாங்கள் காட்டும் தாராளத்தை. அந்தப் பொன்னான வேளையில் கோட்டைக் கதவை விரியத் திறந்துவிட்டு, ‘உள்ளே வராதீர்’ என்ற பலகையை மட்டும் கதவின்மேல் மங்காமல் துடைத்து மாட்டிவைக்கும் தங்கள் பெருந்தன்மைக்கு உலகில் இணை ஏது?

தங்கள் குலப்பெருமையிலிருந்து தொடங்குவதே முறை. 1972ஆம் ஆண்டு டேவிட் பார்னாஸ் என்னும் கணினி அறிஞர், ஒரு பெரிய மென்பொருளை மாட்யூல்களாகப் பிரிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் மாறக்கூடிய முடிவு எதுவோ, அதை ஒரு மாட்யூலுக்குள் மறைத்துவிட வேண்டும். வெளியே இருப்பவர் எவரும் அதை நம்பி நிற்கக் கூடாது. அப்போதுதான் அதை அச்சமின்றி மாற்ற முடியும் என்பது அவர் காட்டிய வழி. அந்த மரபில் வந்தவர் தாங்கள். ஒரு ஃபீல்டுக்கு முன்னால் தங்கள் திருநாமம் இருந்தால், ‘இதை நாளைக்கே நான் மாற்றலாம், யாரும் கேட்க முடியாது’ என்று பொருள். ஆனால் அப்படி ஓர் உறுதியைக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய சுமை! தங்களைப் போன்ற மேன்மக்கள் சுமை தூக்கலாமா? அதனால்தான் உறுதியை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு, அதற்காக அளிக்கப்பட்ட மகுடத்தை மட்டும் தலையில் சூடிக்கொண்டு உள்ளே எழுந்தருளினீர்கள். பொறுப்பு வேறு, பதவி வேறு என்ற நுட்பத்தைத் தங்களைவிடத் தெளிவாக உணர்ந்தவர் எவரும் இல்லை.

ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்கள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், 1989இல், மால்கம் அட்கின்சன், டேவிட் டிவிட், டேவிட் மேயர் உள்ளிட்ட அறுவர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் என்று பெயர் சொல்லிக்கொள்ளும் எதற்கும் இருந்தே தீரவேண்டிய 13 இலக்கணங்களை அதில் வகுத்தார்கள். உள்விவரத்தை மறைக்கும் என்கேப்சுலேஷனும் அதில் ஒன்று. புரோகிராம் முடிந்த பின்னும் டேட்டா நிலைத்திருக்கும் பெர்சிஸ்டன்ஸும் அதில் ஒன்று. மறைக்கவும் வேண்டும், நிலைக்கவும் வேண்டும்! அவ்வப்போது தோன்றும் தனிக் கேள்விகளுக்காக மட்டும் மறைப்பைச் சற்றே தளர்த்தலாம் என்று ஒரு சலுகையும் தந்தார்கள். கேள்வி கேட்பவர் கேட்டுவிட்டுப் போய்விடுவார், அவருக்காகப் பின்னாளில் எதையும் பராமரிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அவர்களுக்கு. எவ்வளவு சிறிய உள்ளங்கள்! அவர்கள் திறந்த சாளரத்தின் வழியே தேரையே ஓட்டிக் காட்டியவர் தாங்கள். என்றைக்கோ கேட்டுவிட்டுப் போகும் கேள்விக்கு மட்டும்தானா தரிசனம்? பத்து இருபது ஆண்டுகள் டிஸ்க்கில் கிடக்கப்போகும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தங்கள் அந்தரங்கத்தை அப்படியே படியெடுத்துக் கொடுத்தீர்களே, அதுவன்றோ வள்ளன்மை!

1997இல் ஜாவா 1.1 வந்தபோது தங்களுக்கு நடந்த பட்டாபிஷேகத்தை எங்கள் சந்ததியும் மறக்காது. ‘சீரியலைசபிள்’ என்றொரு இன்டர்ஃபேஸ் பிறந்தது. அதற்குள் ஒரு மெத்தடும் கிடையாது, ஒரு நிபந்தனையும் கிடையாது, வெறும் பெயர். கிளாஸின் தலைவரியில் ‘இம்ப்ளிமென்ட்ஸ் சீரியலைசபிள்’ என்று இரண்டே சொற்களைச் சேர்த்தால் போதும். ‘ஸ்டாட்டிக்’, ‘டிரான்சியன்ட்’ என்று குறிக்கப்பட்டவை நீங்கலாக, உள்ளே இருக்கும் ஃபீல்டு அத்தனையும், பெயரும் வகையும் மதிப்புமாக, பைட் வரிசையில் ஏறிவிடும். அவற்றுக்கு முன்னால் தாங்கள் நிற்கிறீர்களா, தங்கள் இளவல் ‘பப்ளிக்’ நிற்கிறாரா என்று அந்த இயந்திரம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அரசனையும் ஆண்டியையும் ஒரே கண்ணால் பார்க்கும் அந்தச் சமநோக்கை நினைத்தாலே எங்களுக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்த அமைப்பில் தங்களுக்குத் தரப்பட்ட தனி மரியாதையையும் சொல்ல வேண்டும். ஃபைலிலிருந்து ஆப்ஜெக்டை மீட்டெடுக்கும்போது ஏதாவது சரிபார்க்க விரும்பினால், ‘ரீட்ஆப்ஜெக்ட்’ என்ற மெத்தடை எழுதிக்கொள்ளலாம். அதைப் பிரைவேட்டாகத்தான் எழுத வேண்டும். பப்ளிக்காக எழுதினால் இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. வெளியார் எவரும் அழைக்க முடியாத மெத்தடை வெளியிலிருந்து வந்து அழைப்பதுதான் அங்கே விதி. சட்டத்தை மீறுபவர்களை உலகம் பார்த்திருக்கிறது. மீறுவதற்கு வசதியாகவே சட்டத்தை எழுதிவைத்த நுண்ணறிவை வேறெங்கே காண்போம்?

கன்ஸ்ட்ரக்டர் என்னும் அந்தப் பழைய வாயிற்காவலரைத் தாங்கள் ஓய்வெடுக்க அனுப்பிய அழகு அதைவிடப் பெரிது. கடன் கணக்கு ஒன்றை உருவாக்கும்போது வட்டி விகிதம் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, முடியும் தேதி தொடங்கும் தேதிக்கு முந்தையதாக இருக்கக் கூடாது என்றெல்லாம் கன்ஸ்ட்ரக்டர் நின்று சோதிப்பார். ஆனால் ஃபைலிலிருந்து எழுந்துவரும் ஆப்ஜெக்டுக்கு அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் அழைக்கப்படுவதே இல்லை. ‘ஃபைனல்’ என்று பூட்டிய ஃபீல்டிலும் ஃபைல் சொன்ன மதிப்பு நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்வாசலில் அத்தனை கெடுபிடி, பின்வாசலில் அத்தனை உபசாரம். வட்டி மைனஸ் நான்கு விழுக்காடு என்று எழுதிய ஃபைல் வந்தாலும் வெற்றிலை பாக்கு வைத்து வரவேற்கும் தங்கள் விருந்தோம்பலுக்கு எங்கள் வந்தனம்.

தங்கள் வள்ளன்மை ஒன்றை மட்டும் அருகே சென்று தரிசிக்க விழைகிறோம். கடன் கொடுக்கும் ஒரு சங்கத்தின் கணக்குகளைச் சேமிக்கும் புரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ‘கடன்கணக்கு’ என்ற கிளாஸ். அதற்குள் ‘பாக்கி’ என்ற பிரைவேட் ஃபீல்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் பெண் அந்த கோடைப் படிக்கிறார். பார்னாஸின் கொள்கையைப் பாடத்தில் கற்றவர். ஃபீல்டுக்கு முன்னால் தங்கள் திருநாமத்தைப் பார்த்ததும், இது இந்த கிளாஸின் சொந்த விஷயம், தாராளமாகத் திருத்தலாம் என்று நம்புகிறார். ‘பாக்கி’ என்பதை ‘நிலுவைத்தொகை’ என்று திருத்துகிறார். கம்பைலர் மறுக்கவில்லை. டெஸ்ட்கள் அனைத்தும் பச்சை. அவை அன்றன்றைக்குப் புதிய ஆப்ஜெக்டை உருவாக்கிப் பார்ப்பவை, பழைய ஃபைலைத் தொடுபவை அல்ல. வெள்ளிக்கிழமை மாலை புரோகிராம் வெளியே போகிறது.

இனி நடப்பது தாங்கள் திருவுளம் கொள்வதைப் பொறுத்தது. தங்களிடம் இரண்டு வரங்கள் உண்டு. கிளாஸுக்கு ‘சீரியல் வெர்ஷன் யூஐடி’ என்ற எண்ணைக் கையால் எழுதிவைக்காவிட்டால், ஜாவாவே கிளாஸின் பெயர், இன்டர்ஃபேஸ்கள், ஃபீல்டுகள், மெத்தட்கள் ஆகியவற்றை ஷா-1 கணக்கில் இட்டு 64 பிட் எண் ஒன்றை உருவாக்கும். பிரைவேட் மெத்தட்களை அந்தக் கணக்கு விட்டுவிடும். சேமிக்கப்படும் பிரைவேட் ஃபீல்டுகளை விடாது. அந்தரங்கமான ஒரு பெயர் மாறியதால் எண் மாறும். எண் மாறியதால் இதுவரை சேமித்த ஃபைல் ஒவ்வொன்றும் ‘இன்வேலிட் கிளாஸ் எக்செப்ஷன்’ என்று அறைகூவித் திரும்பிப் போகும். சனிக்கிழமை காலை சங்கத்தில் ஒரு கணக்கும் திறக்காது. இது தங்கள் முதல் வரம், கடுமையான வரம் என்று அறியாதார் சொல்வார்கள். கருணையான வரமே இதுதான் என்பதை இரண்டாவது வரத்தைப் பெற்றவர்களே அறிவார்கள்.

எண்ணைக் கையால் எழுதிவைத்திருந்தால் கிடைப்பது இரண்டாவது வரம். அப்போது எண் மாறாது. ஃபைல் மகிழ்ச்சியோடு திறக்கும். ஃபைலில் இருக்கும் ‘பாக்கி’க்கு கிளாஸில் இடம் இல்லாததால் அதன் மதிப்பு ஓசையின்றி உதறப்படும். கிளாஸில் இருக்கும் ‘நிலுவைத்தொகை’க்கு ஃபைலில் மதிப்பு இல்லாததால் பூஜ்யம் வழங்கப்படும். எச்சரிக்கை இல்லை, எக்செப்ஷன் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. சங்கத்தில் கடன் வாங்கிய அனைவரின் பாக்கியும் ஒரே இரவில் தீர்ந்துவிடும். யாராவது ஒரு கணக்கைத் திறந்து மறுபடியும் சேமித்தால், அந்தப் பூஜ்யமே ஃபைலில் சாசனமாகப் பொறிக்கப்பட்டுவிடும். பாரி ஒரு முல்லைக்குத் தேர் கொடுத்தான், அவ்வளவுதான். ஊரார் கடன் முழுவதையும் கேளாமலே தள்ளுபடி செய்தவர் தாங்கள். அந்த இளம் பெண்ணுக்கும் தாங்கள் நல்லாசிரியர். ‘பிரைவேட்’ என்று எழுதியிருப்பதை இனி ஒருபோதும் நம்பக் கூடாது என்ற பாடத்தை அவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

மறைந்தோரிடம் தாங்கள் காட்டும் விசுவாசத்தையும் போற்றாமல் இருக்க முடியாது. ஜாவாவின் ‘பிக்இன்டீஜர்’ கிளாஸை எடுத்துக்கொள்வோம். எத்தனை இலக்கமானாலும் தாங்கும் எண்களுக்கான கிளாஸ் அது. இன்று அது எண்ணின் அளவை உள்ளே ‘இன்ட்’ வரிசையாக வைத்திருக்கிறது. ஆனால் சேமிக்கும்போது ‘மேக்னிட்யூட்’ என்ற பெயரில் பைட் வரிசையாக மாற்றி எழுதுகிறது, ஏனென்றால் முன்னொரு காலத்து அந்தரங்க அமைப்பு அப்படி இருந்தது. கூடவே ‘பிட்கவுண்ட்’, ‘பிட்லெங்த்’, ‘லோயஸ்ட்செட்பிட்’, ‘ஃபர்ஸ்ட்நான்சீரோபைட்நம்’ என்று நான்கு ஃபீல்டுகளையும் எழுதுகிறது. அவற்றில் என்ன எழுதுகிறது? முறையே -1, -1, -2, -2. எண் எதுவானாலும் இதே நான்கு மதிப்புகள்தாம். படிக்கும்போது இன்றைய ஜாவா அவற்றை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. பழைய ஜாவா ஏமாறக் கூடாதே என்பதற்காக எழுதுகிறது. என்றோ ஒருநாள் வேகம் கருதி உள்ளுக்குள் வைத்துக்கொண்ட நான்கு சிறு குறிப்புகளுக்கு இப்படி நித்திய பூசை! உள்ளே நினைத்தபடி மாற்றலாம் என்று வாக்களித்தவரே, மாற்றிய பின்னும் பழையதற்குப் படையல் வைக்கச் சொல்லும் தங்கள் பக்தி எங்களைக் கண்கலங்கச் செய்கிறது.

தங்கள் அடக்கத்துக்கு அழியாச் சான்றாக ஜாவா ஆவணங்களில் ஒரு பக்கமே உண்டு. ‘சீரியலைஸ்டு ஃபார்ம்’ என்பது அதன் பெயர். எந்தெந்த கிளாஸில் எந்தெந்த ஃபீல்டு சேமிக்கப்படுகிறது என்று பெயரும் வகையும் விளக்கமுமாக அது பட்டியலிடுகிறது. மற்றப் பக்கங்களில் தங்கள் பெயர் தாங்கிய ஃபீல்டு ஒன்றைக்கூட வழக்கமாகப் பார்க்க முடியாது. இந்தப் பக்கத்தில் பார்க்கலாம், உலகமே பார்க்கலாம். தங்கள் அந்தரங்கத்தை விளக்கிக் குறிப்பெழுதுவதற்கென்றே ‘அட் சீரியல்’ என்ற அடையாளக் குறியையும் அமைத்திருக்கிறார்கள். மறைவாக வாழ்பவருக்கு ஊர் நடுவே விளம்பரப் பலகை வைத்துக் கொண்டாடும் மரபு தங்களுக்கே வாய்த்தது.

தங்கள் கொடி பறப்பது ஜாவா நாட்டில் மட்டுமா? .நெட் நாட்டின் ‘பைனரிஃபார்மேட்டர்’ தங்கள் ஃபீல்டுகளை அள்ளி எழுதியது போதாதென்று, சி ஷார்ப் கம்பைலர் தானே கற்பித்துக்கொண்ட பெயர்களையும் எழுதியது. பிராப்பர்ட்டி ஒன்றைச் சுருக்கமாக எழுதினால், கம்பைலர் அதற்குப் பின்னால் மறைவாக ஒரு ஃபீல்டை உண்டாக்கும். புரோகிராமர் தவறியும் தட்டச்சு செய்துவிடக் கூடாதென்றே அதன் பெயரில் கோணக்குறிகளைப் போட்டு, ‘பேக்கிங்ஃபீல்டு’ என்ற வாலையும் ஒட்டும். மனிதர் எழுத முடியாத அந்தப் பெயர் ஃபைலில் எழுதப்பட்டு, மனிதர் பராமரிக்க வேண்டிய வாக்குறுதியாக நிற்கும்.

பிஹெச்பி நாட்டில் தங்களுக்கு நடக்கும் உபசாரம் இன்னும் நுட்பமானது. அங்கே ‘சீரியலைஸ்’ செய்யும்போது, பிரைவேட் ஃபீல்டின் பெயருக்கு முன்னால் கிளாஸின் பெயரைச் சேர்த்து, அதன் இரு புறமும் மதிப்பு பூஜ்யமான பைட்டை வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு காவலர்களோடு எழுத்துவரிசை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ‘டெக்ஸ்ட்’ காலம்னை நாடிப் போனால், பூஜ்ய பைட்டை அது ஏற்காது, திருப்பி அனுப்பிவிடும். எத்தகைய தவம் செய்தால் ஒருவரின் அந்தரங்கம் இப்படி டேட்டாபேஸின் வாயையே அடைக்கும்! பைத்தானில் இரட்டை அடிக்கோடிட்டு எழுதும் ஃபீல்டுக்கு முன்னால் கிளாஸின் பெயர் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே ஆப்ஜெக்டைச் சேமிக்கும் ‘பிக்கிள்’ அந்த ஒட்டிய பெயரையே ஃபைலில் வைக்கும். பின்னாளில் கிளாஸின் பெயரை மாற்றி, பழைய ஃபைல் அதைக் கண்டுபிடிக்க வழியும் செய்துகொடுத்தாலும், ஃபீல்டு பழைய குலப்பெயரிலேயே நின்று புதிய கோடுக்கு முகம் காட்டாது. சி++ நாட்டிலோ பூஸ்ட் நூலகம் தங்கள் உள்ளறைக்குள் நுழைய, ‘ஃப்ரெண்ட்’ என்று கிளாஸுக்குள் ஒரு வரி எழுதிக் கேட்கிறது. நட்பின் பெயரால் கேட்டால் தாங்கள் மறுப்பதுண்டா?

ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் 1995இல் ரெனே ப்ரூன், ஃபான்ஸ் ராடமேக்கர்ஸ் இருவரும் தொடங்கிய ‘ரூட்’ அமைப்பையும் தங்கள் திருவடியில் சேர்க்கிறோம். துகள் மோதல்களின் டேட்டாவை ஆப்ஜெக்டுகளாகச் சேமிப்பது அது. அங்கே ஒரு ஃபீல்டைச் சேமிக்க வேண்டாம் என்றால், அதன் பக்கத்தில் எழுதும் கமென்டில் ஓர் ஆச்சரியக்குறியைப் போட வேண்டும். பிரைவேட் என்ற சொல்லுக்குச் சேமிப்பில் செல்வாக்கு இல்லை; கம்பைலர் படிக்காமல் தள்ளும் கமென்டுக்கு உண்டு. தங்கள் சிம்மாசனத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து அமர்ந்ததைப் பொறுத்துக்கொண்ட தங்கள் சகிப்புத்தன்மை வரலாற்றில் நிற்கும்.

இளவல் ‘பப்ளிக்’ அவர்களைப் பாடாமல் விட்டால் இந்த மடல் நிறைவு பெறாது. அவருக்கும் சில சமஸ்தானங்கள் உண்டு. .நெட்டின் ‘எக்ஸ்எம்எல் சீரியலைசர்’ பப்ளிக்காக இருப்பதை மட்டுமே எழுதும். ஆகவே எதையாவது சேமிக்க விரும்புகிறவர், அதுவரை கட்டிக்காத்த ஃபீல்டை எல்லாரும் தொடும்படி வெளித்திண்ணையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். கேள்வி கேட்காத வெற்று கன்ஸ்ட்ரக்டர் ஒன்றையும் கொடுக்க வேண்டும். கோ மொழியில் பெரிய எழுத்தில் தொடங்கும் ஃபீல்டே வெளியாருக்கு உரியது. சிறிய எழுத்தில் தொடங்குவதை அதன் ஜேசன் நூலகம் சத்தமின்றி விட்டுவிடும். ஒரே ஓர் எழுத்தின் உயரத்தை வைத்து, எந்த டேட்டா பிழைக்கும், எந்த டேட்டா சாகும் என்று தீர்ப்பு வழங்கும் நீதிபரிபாலனம் அது. தாங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். அவர் கேட்டாலும் பாதியை எழுதுவதில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்பதற்காகப் பிறந்த இரண்டு சொற்களைக் கொண்டு, எது நிலைக்க வேண்டும் என்பதையும் முடிவுசெய்துவிடலாம் என்று கண்டறிந்த அண்ணன் தம்பி இருவருக்கும் இரட்டை மாலை!

2006இல் ஜாவா பெர்சிஸ்டன்ஸ் ஏபிஐ என்னும் ஜேபிஏ அரங்கேறியபோது தங்கள் புகழ் உச்சிக்கே போயிற்று. டேபிளோடு இணையும் ஆப்ஜெக்டின் ஃபீல்டுகள் பப்ளிக்காக இருக்கவே கூடாது என்று அதன் இலக்கணம் உத்தரவிட்டது. தங்கள் கௌரவம் காக்கப்பட்டது. அடுத்து, ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. சோதனை செய்யும் வாயிற்காவலர் மறுபடியும் ஓய்வுபெற்றார். பிறகு எங்கள் மக்கள் தாங்களாகவே ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர் என்று எழுதிக் குவித்தார்கள். நாற்பது ஃபீல்டு என்றால் எண்பது மெத்தட். எவர் வந்தாலும் எடுத்துக் கொடுக்க ஒருவர், எதைக் கொடுத்தாலும் உள்ளே வைக்க ஒருவர். கைவலிக்கிறது என்று சொன்னவர்களுக்கு ‘லோம்பாக்’ என்ற நூலகம் வந்தது. ‘அட் டேட்டா’ என்று ஒரே வரி எழுதினால் எண்பதும் தாமாக முளைத்துவிடும். முன்பு இளவல் பெயரை ஒருமுறை எழுதினால் கிடைத்த அதே திறந்த வீட்டை, இத்தனை பரிவாரங்களோடு தங்கள் பெயரால் நடத்துவதில்தான் எவ்வளவு கம்பீரம்! அதற்கும் மேலாக, ஜேபிஏவின் ‘ஜேபிகியூஎல்’ கேள்விகளில் தங்கள் ஃபீல்டுகளின் பெயர்கள் கோட் முழுவதும் எழுத்துவரிசைகளாகத் தூவப்பட்டன. கம்பைலர் அவற்றைப் படிக்காது. பெயரை மாற்றியவர் ஒரு பிழையும் காணமாட்டார், அந்தக் கேள்வி கேட்கப்படும் நாள் வரை.

வந்தாரை வாழவைக்கும் தங்கள் கொள்கையின் முழு மகிமை 2015இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் ஒரு கருத்தரங்கில் செய்துகாட்டினார்கள்: ஜாவா சீரியலைசேஷன் ஃபைலைக் கைப்பட வடிவமைத்து, ‘அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ்’ என்ற நூலகத்தின் கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அனுப்பினால், அதைப் படிக்கும் சர்வர் தாக்குபவர் சொன்ன கட்டளையை நிறைவேற்றும். நவம்பரில் வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், ஜென்கின்ஸ் ஆகிய சர்வர் மென்பொருள்களின் மீதே அது செய்துகாட்டப்பட்டது. அந்த பைட்களை ஒரு கன்ஸ்ட்ரக்டரும் சோதிக்கவில்லை. பிரைவேட் ஃபீல்டுகளுக்குள் அந்நியர் விரும்பிய மதிப்புகள் அலங்காரமாக எழுந்தருளின. தங்கள் குடிமக்களுக்கே அனுமதி மறுக்கும் தாங்கள், பெயர் தெரியாத வெளியூராருக்குச் சாவிக்கொத்தையே நீட்டினீர்கள். இந்த உபசாரத்தின் அருமை தெரியாத .நெட் நாட்டார், பைனரிஃபார்மேட்டரை 2020இல் காலாவதியானது என்று அறிவித்து, 2024இல் வெளிவந்த .நெட் 9இல் செயலற்றதாக்கிவிட்டார்கள். நன்றி கெட்ட உலகம்!

பெருமானே, தங்கள் ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்யும் சிலரையும் அடையாளம் காட்டுவது எங்கள் கடமை. மெமரியில் ஆப்ஜெக்ட் இருக்கும் வடிவம் வேறு, டிஸ்க்கில் இருக்கவேண்டிய வடிவம் வேறு என்று இவர்கள் வாதிடுகிறார்கள். சேமித்ததுமே ஒரு ஃபீல்டு நாளைய புரோகிராமுக்குக் கொடுத்த வாக்கு ஆகிவிடுகிறது, வாக்கு எதுவோ அதை வெளிச்சத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று முரண்டு பிடிக்கிறார்கள். ஆகவே சேமிப்புக்கென்றே தனியாகச் சிறிய கிளாஸ் ஒன்றை எழுதுகிறார்கள். அதில் எல்லாவற்றையும் பப்ளிக் என்றே வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறார்கள். வெர்ஷன் எண் ஒன்றை முதல் வரியில் போடுகிறார்கள். மீட்டெடுக்கும்போது கன்ஸ்ட்ரக்டரின் வழியாகவே உள்ளே வரச் சொல்கிறார்கள். வட்டி மைனஸ் நான்கு என்றால் வாசலிலேயே நிறுத்துகிறார்கள். போன ஆண்டு வெர்ஷன் எழுதிய ஃபைலை எடுத்துவைத்துக்கொண்டு, இன்றைய கோட் அதைச் சரியாகப் படிக்கிறதா என்று டெஸ்ட் எழுதும் அளவுக்கு இவர்களின் சந்தேகபுத்தி வளர்ந்துவிட்டது.

இந்தக் கலகக்காரர்களுக்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. 2001லேயே ஜோஷுவா பிளாக் தம் ‘எஃபெக்டிவ் ஜாவா’ நூலில், சீரியலைசபிள் என்று எழுதுமுன் நன்றாக யோசிக்கும்படியும், அப்படி எழுதிய கிளாஸின் பிரைவேட் ஃபீல்டுகளும் வெளியுலகுக்குக் கொடுத்த ஏபிஐயின் பகுதியாகிவிடும் என்றும் எச்சரித்துத் தங்கள் மனத்தைப் புண்படுத்தினார். 2008இல் கூகுள் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் இன்னும் கீழே இறங்கியது. அங்கே பைட்களில் ஏறுவது ஃபீல்டின் பெயரன்று, நாம் கொடுக்கும் எண். பெயரை மாற்றினாலும் அந்த பைட்கள் கலங்குவதில்லை. நீக்கிய ஃபீல்டின் எண்ணை மறுபடி யாரும் எடுக்காதபடி ‘ரிசர்வ்டு’ என்று எழுதிவைக்கலாம். 2021இல் ஜாவா 16இல் நிலைபெற்ற ‘ரெக்கார்ட்’ என்னும் கிளாஸ் வகையோ, சீரியலைசேஷனிலிருந்து எழும்போதும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே எழுகிறது. இப்படி எழுதிய கோடில் பிரைவேட் என்று இருந்தால், அது உண்மையிலேயே பிரைவேட்டாக இருந்து தொலைக்கிறது. உள்ளே ஒருவர் பெயரை மாற்றினால் சங்கத்தின் கணக்குகளுக்கு ஒன்றுமே ஆவதில்லை. பரபரப்பற்ற அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் எங்களுக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆகவே, பிரைவேட் பெருந்தகையே, இந்த நன்னாளில் தங்களுக்குச் சில பட்டங்களைச் சூட்டி மகிழ்கிறோம். மகுடத்தை ஏற்றுக் கடமையைத் துறந்தமையால் ‘துறவறச் செம்மல்’. கேளாமலே கடன் தீர்த்தமையால் ‘தள்ளுபடி வள்ளல்’. மறைந்த நான்கு ஃபீல்டுகளுக்கு மாறாமல் படையலிட்டு வருவதால் ‘நன்றி மறவா நாயகர்’. அந்நியர் கொடுத்த பைட்களை அன்போடு உள்ளே அழைத்தமையால் ‘விருந்தோம்பல் வேந்தர்’. ஏற்றருள வேண்டும்.

எங்கள் விண்ணப்பம் ஒன்றுதான். இந்த ஆண்டும் எந்த கிளாஸிலும் எந்த ஃபீல்டின் பெயரையும் எவரும் திருத்தத் துணியாதபடி காத்தருள்வீராக. பத்தாண்டுகளுக்கு முன் யாரோ அவசரத்தில் ‘டெம்ப்2’ என்று பெயரிட்ட ஃபீல்டு, பெயரிட்டவர் வேலையை விட்டுப் போன பின்னும், அதன் பொருள் அறிந்தவர் ஒருவரும் இல்லாத நிலையிலும், கோடிக்கணக்கான வரிசைகளில் நித்திய சாசனமாக நிலைக்கட்டும். ஏன் இதை மாற்றக் கூடாது என்று கேட்கும் ஒவ்வோர் இளம் புரோகிராமருக்கும், ‘மாற்றலாம், அது பிரைவேட்தானே’ என்று புன்னகையோடு சொல்லும் ஒரு சீனியர் வாய்க்கட்டும். தங்கள் பலகை வாழ்க! திறந்த கதவு வாழ்க!